விளக்கேந்திய பெண்: முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பாருங்கள்

மைசூர் ஜெகன்மோகன் அரண்மனைக்குப் போனவர்கள் இந்த ஓவியத்தைத் தவறவிட்டிருக்க மாட்டீர்கள். ஒரு கையில் விளக்கு, மறு கையால் சுடரை மறைத்தபடி நிற்கும் பெண். போகாதவங்களும் வாட்ஸப்பில் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் 'ராஜா ரவிவர்மா' என்றுதான் வரும்.

தப்பு. ரவிவர்மா 1906-லேயே இறந்துவிட்டார். இது 1945-46 வாக்கில் எஸ்.எல். ஹல்தன்கர் தன் மகள் கீதாவை நிற்கவைத்து வரைந்தது.

பேர் மாறினா என்ன, படம் நல்லாத்தானே இருக்குன்னு கேட்கலாம். பேர் மாறும்போது பார்க்கிற கண்ணும் மாறிவிடுகிறது. ரவிவர்மா என்றதும் எண்ணெய் வண்ணம் என்று மனசு முடிவுகட்டிவிடும். ஆனால் இது நீர்வண்ணம். எண்ணெய் வண்ணத்தில் இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம். பிடிக்கலைன்னா சுரண்டிவிட்டுத் திரும்பப் போடலாம். நீர்வண்ணத்தில் பெரும்பாலும் காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம். ஒளி வேண்டிய இடத்தில் கையை அடக்கிக்கொண்டு, சுற்றிலும் இருட்டை அடுக்கடுக்காக ஏற்றணும். ஒருமுறை கறுத்துப்போனால் அந்தப் பளிச் திரும்ப வராது.

இப்போ விரல்களைப் பாருங்கள். சுடரை மறைக்கும் கை, வெளிச்சம் ஊடுருவிச் சிவந்திருக்கிறது. டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்த சிவப்பு. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூர், தச்சர் யோசேப்பு ஓவியத்தில் மெழுகுவத்தியை மறைக்கும் சிறுவனின் கையை இப்படித்தான் காட்டினார், 1640களில். அவர் எண்ணெய் வண்ணத்தில் செய்ததை ஹல்தன்கர் தண்ணீரில் செய்திருக்கிறார்.

கீழிருந்து விழும் வெளிச்சம் பொதுவாக முகத்தைப் பேய்ப்படம் மாதிரி ஆக்கிவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. வெளிச்சம் மஞ்சளாய்க் கனிந்து மேலேறுகிறது, புடவையின் ஊதா அதை எதிர்த்துக் குளிர்ச்சியாக நிற்கிறது, பின்சுவரில் நிழல்.

ஒரு குறையும் சொல்லணும். முகம் கொஞ்சம் அதிகமாகவே அழகு, காலண்டர் அழகு. 'நம்பிக்கை ஒளி' என்ற தலைப்பும் நாம் உணர வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தக் கை மட்டும் எதையும் சொல்வதில்லை. காத்து பட்டு அணையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எனக்கு அந்தப் படத்தின் மனநிலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அடுத்த தடவை யாராவது இதை ரவிவர்மான்னு அனுப்பினா, சண்டை வேண்டாம். ஹல்தன்கர் பேரை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புங்க.