மிகைபடக் கூறலும் பழைய கார் விளம்பரமும்

நன்னூலைப் பாடம் கேட்டவர்களுக்குப் பத்துக் குற்றங்கள் நினைவிருக்கும். ஒரு நூலில் எவை எவை இருக்கக் கூடாது என்று பவணந்தி முனிவர் வகுத்துக் கொடுத்திருக்கிறார். அவரை ஆதரித்த சீயகங்கன் கோலாரைத் தாயகமாகக் கொண்ட கங்கர் குலத்தவன். ஆகவே கர்நாடகத்துக்குப் பிழைக்க வந்த நமக்கு அந்த நூல்மேல் ஒரு பிடி கூடுதல் உரிமை உண்டு என்பது என் எண்ணம். புலவர்கள் அந்தக் குற்றங்களைப் பெரிய நூல்களில் தேடுவார்கள். நான் இரும்புக்கடை வியாபாரி. நாலு வரி விளம்பரத்தில் தேடிப் பார்த்தேன். அதுவும் பழைய கார் விற்கிற விளம்பரத்தில்.

சந்தாபுராவில் ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கடை வைத்திருப்பவன் கண்ணில் இது படாமல் இருக்காது. பழைய வண்டி வாங்குகிறவர், விற்கிறவர், டிங்கரிங் பட்டறைக்காரர், தரகர் எல்லோரும் போல்ட்டு நட்டுக்கோ உப்புத்தாளுக்கோ நம்ம கடைக்கு வந்தாக வேண்டும். வரும்போது கையில் செய்தித்தாள் துண்டோ, இப்போதென்றால் கைப்பேசியோ இருக்கும். “ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க” என்பார்கள். படித்துப் படித்து எனக்கு அந்த நடையே மனப்பாடம். அடிக்கடி கண்ணில் படும் சொற்களை நானே கோத்து ஒரு மாதிரி தருகிறேன்:

“ராஜகம்பீரமான வின்டேஜ் அம்பாசடர். அரண்மனைத் தோற்றம். ஷோரூம் கண்டிஷன். மியூசியம் பீஸ். டாக்டர் ஓட்டிய வண்டி. அனைத்தும் ஒரிஜினல். கார் அல்ல, காவியம். ரசனை உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்.”

இதில் மிகைபடக் கூறல் இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டாம். கவனிக்க வேண்டியது, பவணந்தியார் அதற்கு முன்னால் வைத்த குற்றம். குன்றக் கூறல். எந்த வருஷத்து வண்டி? எந்த மாநிலப் பதிவு? எஃப்.சி. எதுவரை? ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்? அடித்தகடு துருவா, சுத்தமா? என்ன விலை? ஒன்றும் இல்லை. ஓசூர்ப் பக்கம் பதிவான வண்டியைச் சந்தாபுராவில் வாங்கினால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். ‘அரண்மனைத் தோற்றம்’ என்று எழுதிய இடத்தில் ‘தமிழ்நாடு பதிவு’ என்று எழுதியிருக்கலாம். எழுத்துக்கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மிகையும் குறையும் இரண்டு தனிக் குற்றங்கள் என்றுதான் படித்தோம். இந்த விளம்பரங்களில் ஒன்று மற்றொன்றின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. விவரம் இருக்க வேண்டிய இடத்தில் புகழ்ச்சி உட்கார்ந்துகொண்டது.

மிகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம் இலக்கியத்தில் பாதியை எடைக்குப் போட வேண்டியதுதான். தண்டியலங்காரம் அதிசய அணி என்று அதற்கு மரியாதையான ஓர் இடமே கொடுத்திருக்கிறது. உயர்வு நவிற்சி என்றும் சொல்வோம். ஆனால் மதில் நிலாவைத் தொட்டது என்று பாடிய புலவர் அந்த மதிலை யாருக்கும் கிரயம் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டவரும் அளவுநாடா எடுத்துக்கொண்டு போகவில்லை. கிரயம் என்று வந்துவிட்டால் பயன்படுவது அந்த நூல் பொருளணிகளில் முதலாவதாக வைத்திருக்கும் தன்மை அணி. உள்ளதை உள்ளபடி, ஆனால் கண்முன் தெரியும்படி சொல்வது. பொருள், குணம், இனம், தொழில் என்று அதற்கு நான்கு வகை காட்டுவார்கள். காருக்குப் பொருத்திப் பாருங்கள்: கண்முன் நிற்கிற வண்டி, அதன் நிலை, எந்த மாடல், எப்படி ஓடுகிறது. வாங்குபவர் கேட்கிற கேள்வியும் இந்த நாலுதானே!

வேடிக்கை என்னவென்றால், இந்த அணி நம் தரகர்கள் வாயில் தினமும் புரள்கிறது. “கியர் ரெண்டாவதுல கொஞ்சம் கடிக்கும் ஐயா”, “டோர் கீழே பட்டி பார்த்திருக்கான்”, “ஏறும்போது புகை தள்ளும், நேர் ரோட்டுல ஒண்ணுமில்ல.” இதைவிடத் தெளிவாகக் கம்பனி என்ஜினீயர்கூடச் சொல்ல முடியாது. அதே தரகர் பேனாவைப் பிடித்தால் ‘கார் அல்ல, காவியம்’ என்கிறார். அச்சில் வருவது என்றால் அலங்காரமாக இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மேடைப் பேச்சும் வாழ்த்து மடலும் வளர்த்த பழக்கம் இது. நம் சங்க விழாக்களுக்கும் இதில் பங்கு உண்டு, கோபிக்க வேண்டாம்.

இனிச் சில சொற்களைத் தனியாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ‘வின்டேஜ்’. திராட்சை அறுவடையில், மதுவின் வயதைக் குறிக்கப் பிறந்த சொல். பிரிட்டனில் பழங்கார் கழகத்தார் 1930 முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிக்குத்தான் அந்தப் பெயரைத் தருவார்கள். நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். நம் விளம்பரங்களில் 1995ஆம் வருஷத்து மாருதிகூட வின்டேஜ்தான். ஒட்டுகிற பெயரெல்லாம் பொருந்திவிடுமா? என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் என்னைச் சேட்டு என்று கூப்பிடுகிறார்கள். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழன்.

அந்த 2021 விதியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவ்வளவுதான். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். ‘வின்டேஜ் பதிவு, தினமும் ஆபீசுக்கு ஓட்டலாம்’ என்று ஒரே மூச்சில் எழுதினால் அது மாறுகொளக் கூறல். எழுதினவரைக் கேட்டால் “சும்மா ஒரு பேச்சுக்கு” என்பார். வாங்கினவர் நடுரோட்டில் அதிகாரியிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

‘ஒரிஜினல்’ என்ற சொல் இன்னும் வில்லங்கம். கான்டெசா காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தபோது பாடி இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. உள்ளே இருந்தது அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின். அந்தப் பெரிய உடம்பை இழுக்க அது திணறியது. பிறகுதான் ஜப்பானின் இசுசு 1800 வந்தது. ஆரம்ப கால வண்டிக்கு ‘ஒரிஜினல் இன்ஜின்’ என்றால் அந்தத் திணறுகிற இன்ஜின் என்று பொருள். விற்பவர் இசுசுவை நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். இதுதான் மயங்க வைத்தல். 1985இல் வெளிவந்த சென்னை ஸ்டாண்டர்டு 2000 காரும் இப்படித்தான்: பாடி ரோவர், இன்ஜின் பழைய வேன்கார்டு வழி வந்தது. ‘இங்கிலாந்து ரோவர்’ என்று மட்டும் சொன்னால் புலித்தோல் போர்த்தின கதை. அம்பாசடரில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவது ஊரறிந்த வழக்கம். அதற்கும் ‘அனைத்தும் ஒரிஜினல்’ போடுவார்கள்.

‘1966 மாடல் பத்மினி’ என்றும் போடுகிறார்கள். அந்த வருஷம் மும்பை குர்லா ஆலையிலிருந்து வந்த வண்டி பியட் 1100. பத்மினி என்ற பெயரே 1970களின் நடுவில்தான் வந்தது. ஒன்று வருஷம் பொய், இல்லாவிட்டால் பெயர் பொய்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, பெருமைப்பட வேண்டியதை இவர்கள் எழுதுவதில்லை என்பது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலொட்டி. சென்னையில் செய்த காருக்கு இத்தாலிக்காரர் கை! இதை எழுதினால் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். எழுதுவதோ ‘தேவலோக ரதம்’.

இவ்வளவு மிகை ஏன் என்று வியாபாரியாகவே யோசித்தேன். ‘1974 மாடல்’ என்பது சோதிக்கக்கூடிய சொல். பொய்யானால் நுகர்வோர் மன்றம் வரை இழுக்கலாம். ‘ராஜகம்பீரம்’ சோதிக்க முடியாதது. எந்த நீதிமன்றமும் கம்பீரத்தை அளக்காது. விஷயம் தெரிந்த விற்பனையாளர் சோதிக்க முடியாத சொற்களாகப் பொறுக்கி எடுக்கிறார். ஆகவே இது ரசனைக் குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கணக்குப் போட்டுச் செய்வதும் உண்டு. ‘இருப்பது இருந்தபடி’ என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி வேறு. திருவிளையாடல் புராணத்தில் நரியைப் பரியாக்கி விற்ற கதை தெரியுமல்லவா? குதிரைகளை இலட்சணம் சொல்லி ஒப்படைத்துக் கயிறு மாற்றிக் கொடுத்தாயிற்று. கயிறு மாறினபின் பேச்சில்லை. இரவில் எல்லாம் நரியாகி ஊளையிட்டன. அது இறைவன் விளையாட்டு. நம் ஆட்கள் தாமாகவே விளையாடுகிறார்கள். மாட்டுச் சந்தையில் இந்தப் பாச்சா பலிக்காது. இரண்டு பல்லா நாலு பல்லா என்று வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் துண்டுக்குள் விரலைப் பிடிப்பான்.

பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ‘மியூசியம் பீஸ்’ பத்மினி ஒன்றை வாங்கினார். தங்கை கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணத்தில் இரண்டே முக்கால் லட்சம். ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டு எடுத்துவிடலாம் என்று கணக்கு. கடைக்கு வந்தபோது ஒரு காந்தத்தைக் கொடுத்து வண்டியைச் சுற்றிவரச் சொன்னேன். தகடு என்றால் பிடிக்கும், பட்டி என்றால் நழுவும். நாலு கதவிலும் கீழ் முழம் நழுவியது. இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யும் வேறு வேறு. விற்றவரிடம் போனார். “மியூசியம் பீஸ்னுதானே சொன்னேன், ஓடும்னு சொன்னேனா?” என்று கேட்டாராம். இலக்கண சுத்தமான பதில்.

நஷ்டம் வாங்கினவரோடு நிற்பதில்லை. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அந்த வழியில் செய்த ஆய்வுக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலைதான் தருவார். நல்ல வண்டிக்காரர் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போய்விடுவார் என்பது சாரம். நான் இதில் ஒன்று சேர்ப்பேன். நல்ல வண்டிக்காரருக்கு விலை மட்டுமல்ல, சொல்லும் போய்விடுகிறது. ஓட்டை வண்டிக்கே ‘ஷோரூம் கண்டிஷன்’ என்று எழுதிவிட்டால், முப்பது வருஷம் துணி போட்டு மூடிக் காத்தவர் தன் வண்டிக்கு எதை எழுதுவார்?

வெளிநாட்டில் இதற்கு நேர்மாறாக எழுதிப் பிழைத்தவர்கள் உண்டு. லண்டனில் ராய் புரூக்ஸ் என்ற வீட்டுத் தரகர் 1960களில் ஞாயிறு இதழ்களில், தாம் விற்கிற வீட்டின் ஒழுகல், அழுக்கு, அசிங்கம் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதினார். ஜனங்கள் வீடு வாங்கும் எண்ணம் இல்லாமலே தேடிப் படித்தார்கள்; வீடுகளும் விற்றன. 1960இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி தன் கார்ப் படத்தின் கீழே ‘மட்டச் சரக்கு’ என்ற பொருளில் ஒற்றைச் சொல்லைப் போட்டது. சாமான் வைக்கும் அறையின் மூடியில் ஒரு பட்டை பழுது என்பதற்காக அந்த வண்டியைக் கழித்துவிட்டோம் என்பது கீழே விளக்கம். அதுவும் விளம்பரத் தந்திரம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அதில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பட்டை இருக்கிறது.

பெயரின் பலத்தையும் மறுக்க முடியாது. உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவ்வளவு மதிப்புள்ள பெயருக்கு ‘ராஜகம்பீரம்’ என்று முன்னொட்டு வேறு எதற்கு?

ஆனேக்கல் சாலையில் குடியிருக்கும், ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தம்முடைய அம்பாசடருக்கு என்னை விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். கண் தெரியவில்லை, இனி ஓட்ட முடியாது. அவர் எழுதி வந்ததில் சிங்கம், சிம்மாசனம் எல்லாம் இருந்தன. “அண்ணே, சிம்மாசனத்துக்கு எஃப்.சி. இருக்கான்னு கேப்பாங்க” என்றேன். சிரித்துவிட்டார். இருவரும் உட்கார்ந்து எழுதியது இது:

“அம்பாசடர் மார்க் 4. 1984. பெட்ரோல். கர்நாடகப் பதிவு, முதல் நாளிலிருந்து ஒரே பெயர். எஃப்.சி. இன்னும் 3 வருஷம். இன்ஜின் மாற்றவில்லை, ஒரு முறை போர் செய்தது. இடது முன்கதவு கீழே துரு. ஸ்டியரிங்கில் ஆட்டம் உண்டு. மழையில் டிக்கியில் தண்ணீர் இறங்கும். தினமும் காலை ஸ்டார்ட் செய்கிறோம். ராசியான வண்டி.”

கடைசி இரண்டு சொல்லை எடுத்துவிடலாமே என்றேன். “அது மட்டும் இருக்கட்டும் தம்பி, மூணு பிள்ளைங்க கல்யாணத்துக்கும் இந்த வண்டிதான் போச்சு” என்றார். நான் அடிக்கவில்லை.