அடைத்த கதவும் இரு கிள்ளிகளும்

உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய புறநானூற்றில் 44, 45, 47 ஆகிய மூன்று பாடல்களையும் ஒருசேர வைத்துப் படிப்பார்க்கு ஒரு போரின் செய்தி மட்டுமன்று, அப்போரை நடத்திய இருவரின் உள்ளப்பாங்கும் புலனாகும். மூன்றையும் பாடியவர் கோவூர் கிழார். பொருதவர் இருவரும் சோழர் குடியினர். நலங்கிள்ளி ஒருவன், நெடுங்கிள்ளி மற்றொருவன். நாடு எவர்க்கு உரியது என்று வழக்குத் தீர்க்கப் புலவர் முற்படவில்லை. எதிரே நிற்கும் மனிதனின் இயல்பு யாது என்பதையே அவர் நோக்குகிறார்.

ஆவூர் முற்றுகையில் நெடுங்கிள்ளி வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். நீராடாமலும் நெய்பெய்த கவளம் பெறாமலும் யானைகள் கட்டுத்தறியை அலைக்கின்றன. பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன. மகளிர் பூவின்றிக் கூந்தலை முடிக்கின்றனர். வீடுகளில் நீர் இல்லை. இவ்வளவையும் கண்டும் கேட்டும் அவன் வாளா இருந்தான். அறம் கருதினால் ஊரைக் கொடுத்துக் கதவைத் திற, மறம் கருதினால் போரிடத் திற என்று இரு வழிகளைப் புலவர் காட்டுகிறார். இரண்டுமின்றி மதிலின் மறைவில் ஒடுங்கியிருப்பதே நாணத்தக்கது என்பது அவர் துணிபு.

நெடுங்கிள்ளியைக் கோழை என்று கூறிவிடுதல் எளிது. பலரும் அவ்வாறே கூறுவர். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. முடிவு செய்ய இயலாமையே அவன் குறை. அதனோடு ஐயமும் சேர்ந்திருந்தது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதிக் கொல்ல முனைந்தவனும் அவனே என்பதை 47ஆம் பாட்டின் குறிப்பால் அறிகிறோம். பாடல்கள் நூலில் நிற்கும் வரிசையே நிகழ்ச்சிகளின் வரிசை என்று கொள்ள வேண்டுவதில்லை. எது முன், எது பின் என்றாலும் மனம் ஒன்றே. வெளியிலிருந்து வருவது எதுவாயினும் பகையே என்று எண்ணுபவனுக்குக் கோட்டைக் கதவும் புலவனின் உயிரும் ஒரே கணக்குத்தான்.

நலங்கிள்ளியோ வேறு வார்ப்பு. அவனே புலவனாதலின் அவன் உள்ளத்தை அவன் வாய்மொழியாலேயே அறியலாம். 73ஆம் பாட்டில், தன்னை அடைந்து பணிந்து இரப்பின் அரசு மட்டுமன்று, உயிரையும் கொடுப்பேன் என்கிறான். இகழ்ந்தவன் மட்டும் தப்பமாட்டான் என்று வஞ்சினமும் கூறுகிறான். 75ஆம் பாட்டில், குடிகளிடம் இறை இரக்கும் சிறியோனுக்கே அரசு பெருஞ்சுமை என்கிறான். கொடையும் தருக்கும் ஒரே வேரில் முளைத்த மனம் அது. இத்தகையவனுக்கும் ஐயப்படுபவனுக்கும் இடையே உடன்பாடு எங்ஙனம் தோன்றும்? ஒருவன் பணிவை எதிர்பார்த்து நிற்கிறான். மற்றவனுக்குப் பணிதலே ஒரு பொறியாகத் தெரிகிறது. இடையே வாடியது ஊர்.

45ஆம் பாட்டை ஒற்றுமைக்கு ஓர் அறவுரையாக மேடைகளில் எடுத்துக்காட்டுவது வழக்கம். அப்பாட்டில் அன்பைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. இருவர் சூடியதும் ஆத்தி. எவன் தோற்பினும் தோற்பது சோழர் குடி. இதைக் கண்டு மகிழ்வோர் பிற வேந்தர். பாட்டு இந்த இறுதிச் செய்தியில் முடிகிறது. மானத்தால் வந்த பூசலை மானத்தைக் கொண்டே தணிக்க முயல்கிறார் புலவர். மன்னரை நல்லவராக்க அவர் முனையவில்லை. உள்ளதை வேறு திசைக்குத் திருப்பவே முனைகிறார். இளந்தத்தனுக்காகப் பேசும்போதும் இரக்கம் வேண்டவில்லை. பரிசிலால் வாழும் வாழ்வு எவர்க்கும் தீங்கு எண்ணாதது என்று விளக்கிவிட்டு, புலவர்க்கும் மண்ணாள்வோர்க்கு ஒத்த பெருமிதம் உண்டு என்று நிமிர்ந்து நிற்கிறார். நலங்கிள்ளியைப் பலமுறை புகழ்ந்து பாடியவர் அவன் பகைவன் அவையில் இவ்வாறு பேசினார் என்பதை நாம் மறத்தலாகாது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கேட்கும் செவி அரசனிடம் இருந்தால் மட்டுமே இது பயன் தரும். நீரின்றி அழுத வீட்டாரின் மனப்பாங்கு என்ன என்று எவரும் வினவவில்லை, கோவூர் கிழாரும் வினவவில்லை. அவர்கள் மன்னனை நாணச் செய்யும் சான்றுகளாகவே பாட்டில் வருகின்றனர். 45ஆம் பாட்டின் குறிப்பும் அவர் பாடினார் என்பதோடு நின்றுவிடுகிறது. போர் ஓய்ந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. இளந்தத்தன் பிழைத்தான். நெடுங்கிள்ளியோ காரியாற்றில் மாண்டவன் என்னும் அடைமொழியோடுதான் இன்றும் அறியப்படுகிறான்.