கணக்குக்குத் தலைவணங்கியவர்கள்

எபிடெமியாலஜிக்குத் தமிழில் ‘தொற்றுநோயியல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் புற்றுநோய், ரத்தக்கொதிப்பு, சாலை விபத்து என்று தொற்றாதவையும் அத்துறையின் ஆய்வுப் பொருள்களே. ‘நோய்ப்பரவலியல்’ என்பதே எனக்கு உவப்பான சொல். யாருக்கு, எங்கே, எப்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று கேட்பதுதான் அதன் வேலை. கடைசிக் கேள்வியே உயிர்நாடி. பள்ளிக் கணக்கில் பின்னத்தின் கீழே எழுதும் பகுதி தெரியாமல், மேலே எழுதும் தொகுதியை மட்டும் சொல்லிப் பயனில்லை.

எண்ணுகிற மரபைத் தொடங்கியவர் மருத்துவர் அல்லர், லண்டன் துணி வணிகர் ஜான் கிரான்ட். அந்நகரில் வாராவாரம் வெளியான சாவுப் பட்டியல்களைப் பல ஆண்டுகளுக்குத் தொகுத்து 1662-இல் நூலாக்கினார். சாவின் காரணத்தைப் பார்த்துச் சொல்ல அமர்த்தப்பட்ட மூதாட்டிகள், கையூட்டும் மதுவும் பெற்றுக்கொண்டு மேகநோய்ச் சாவுகளை வேறு பெயரில் எழுதவைத்ததையும் அதில் சுட்டிக்காட்டினார். கிடைத்த எண்ணை நம்புவதற்கு முன் அது எப்படிக் கிடைத்தது என்று விசாரிக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த மரபைப் பெரிய கட்டடமாக எழுப்பியவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பதிவுத் துறையில் 1839 முதல் நாற்பதாண்டுக் காலம் சாவுகளை வயது, தொழில், ஊர் வாரியாகப் பிரித்துக் காட்டினார். 1849-இல் பரவிய காலராவை ஆராய்ந்தபோது, தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து நிலம் உயர உயரச் சாவு குறைவதைக் கண்டார். தாழ்ந்த இடத்தில் தேங்கும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டினார். கணக்கு சரி, காரணம் தவறு. பள்ளத்தில் இருந்தவர்கள் குடித்த தண்ணீரும் மோசமாக இருந்தது.

அந்தத் தண்ணீரே காரணம் என்று நிறுவியவர் ஜான் ஸ்னோ என்ற லண்டன் மருத்துவர். 1854-இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த அடிபம்பின் கைப்பிடியை அவர் கழற்றவைத்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே அங்கே நோய் தணியத் தொடங்கியிருந்தது. அவருடைய பெரிய சாதனையாக நான் கருதுவது, அதே ஆண்டில் தென் லண்டனில் அவர் செய்த வேலையை. அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்கள் குழாய்நீர் தந்தன. சவுத்வார்க்–வாக்ஸால் நிறுவனம் நகரக் கழிவு கலந்த இடத்தில் தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852-இலேயே ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிவிட்டது. ஏழை, பணக்காரர், மேடு, பள்ளம், காற்று எல்லாம் இரு தரப்புக்கும் பொது, தண்ணீர் மட்டுமே வேறு. செத்தவர் வீடு ஒவ்வொன்றாக ஏறி எந்தக் குழாய் என்று கேட்டார். பல வீடுகளில் தெரியவில்லை. தண்ணீரைப் பிடித்துச் சென்று அதிலுள்ள உப்பின் அளவை வைத்துக் கண்டுபிடித்தார். பத்தாயிரம் வீடுகளுக்கு முதல் நிறுவனத்தில் 315 சாவுகள், லாம்பெத்தில் 37. அந்த வீட்டு முகவரிகளைத் தந்து உதவியது, எதிர்க்கருத்துக் கொண்டிருந்த ஃபாரின் அலுவலகம்!

1866-இல் கிழக்கு லண்டனில் காலரா மூண்டபோது ஸ்னோ உயிரோடு இல்லை. குற்றவாளி அப்பகுதிக்குத் தண்ணீர் தந்த நிறுவனம்தான் என்று கணக்கோடு சுட்டியவர் அதே ஃபார். பிராட் தெருவிலும் இப்படித்தான். ஸ்னோவை மறுக்கவே வீடு வீடாக விசாரித்த ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், முடிவில் அவர் பக்கம் வந்து சேர்ந்தார். இத்துறையின் அளவுகோல் என்று நான் மதிப்பது இதைத்தான்: தன் கணக்கு தன் நம்பிக்கையைத் தோற்கடிக்கும்போது, கணக்கின் பக்கம் நிற்பது.

அப்படி நின்றவர்கள் பிற்காலத்திலும் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்குச் சாலையில் ஊற்றும் தாரும் மோட்டார் புகையும் காரணமாகலாம் என்று எண்ணித்தான் பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் டால் ஆய்வில் இறங்கினார். அவரும் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர் இருவர் மட்டுமே. ஆய்வு முடியும் முன்பே டால் தம் சிகரெட்டை விட்டார். எதைக் காரணம் எனலாம் என்பதற்கு ஹில் 1965-இல் ஒன்பது கோணங்களை வகுத்தார். அவற்றை இன்று பலர் மதிப்பெண் பட்டியலாக்கிவிட்டார்கள். அவரோ எதையும் கட்டாய விதியாக வைக்கவில்லை.

இந்த வரிசையில் சென்னைக்கும் இடம் உண்டு. இங்கே 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டில் மருந்து உண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது. பின்னர் 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. தடுப்பூசி சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. நாடே நம்பியிருந்த ஊசியைப் பற்றிய அந்தக் கசப்பான முடிவை நம்மவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளைத் தடுக்க அது இன்றும் போடப்படுகிறது.

இத்தனைக்கும் அடித்தளம் கிரான்ட் பார்த்த அந்தச் சாவுப் பட்டியல்தான். 2020-இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. இதைப் படிக்கும் மருத்துவர்களே, சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள், அதை நிறுத்திய நோயை எழுதுங்கள். குடும்பத்தாரும் துக்கத்துக்கு நடுவே 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது, அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்.