158 முறை வெளியே அனுப்பப்பட்டவர்

அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜராக 1990 முதல் 2010 வரை தொடர்ந்து இருந்த பாபி காக்ஸிடம் யாரும் ஆசைப்படாத ஒரு சாதனை உண்டு. நாக்-அவுட் ஆட்டங்களைச் சேர்க்காமலே, நடுவர்கள் அவரை 158 முறை மைதானத்தைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பழைய காலத்து மேனேஜர் ஜான் மெக்ரா பல்லாண்டுகளாக வைத்திருந்த சாதனையை 2007இல் அவர் முறியடித்தார்.

முன்கோபி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், கணக்கு வேறு. பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று நடுவரிடம் வாதாடினால் வெளியேற்றம்தான். வாய்கொடுத்து பேட்டர் வெளியேறினால் அணிக்கு இழப்பு. மேனேஜர் போனால் உதவிப் பயிற்சியாளர் மிச்ச ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வார். தன் ஆள் நடுவரோடு முறைக்கத் தொடங்கியதும் காக்ஸ் ஓடிவந்து நடுவில் நிற்பார். நடுவரின் கோபம் அவர் பக்கம் திரும்பிவிடும், பேட்டர் தப்பிவிடுவார். (பேஸ்பாலில் மேனேஜரும் வீரர்களைப் போலவே சீருடை அணிந்திருப்பார். கோட் போட்ட கிரிக்கெட் மேனேஜரை இங்கே நினைக்க வேண்டாம்.)

வீரர்களைப் பத்திரிகையாளர் முன் அவர் விட்டுக்கொடுத்ததும் இல்லை. அதற்காகச் செல்லம் கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது. 1998இல் 21 வயது ஆண்ட்ரூ ஜோன்ஸ் ஒரு கேட்சுக்கு அலட்சியமாக ஓடினார். இன்னிங்ஸ் முடியும்வரைகூடக் காத்திராமல் அவரை வெளியே இழுத்தார் காக்ஸ். நட்சத்திரமாகிக்கொண்டிருந்த பையனை, கூட்டத்தின் முன்னிலையில். திறமைக் குறைவைப் பொறுப்பார், சோம்பலைப் பொறுக்க மாட்டார்.

பொறுமைக்குச் சாட்சி ஜான் ஸ்மோல்ட்ஸ். 1991 பருவத்தின் முதல் பாதியில் அந்தப் பிட்சருக்கு (பந்துவீச்சாளருக்கு) 2 வெற்றி, 11 தோல்வி. வேறு மேனேஜராக இருந்தால் ஓரங்கட்டியிருப்பார். காக்ஸ் முறை தவறாமல் அவர் கையில் பந்தைக் கொடுத்தார். இரண்டாம் பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. முந்தைய ஆண்டு பிரிவில் கடைசியாக வந்த அணி, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போனது.

அதிலிருந்து 2005 வரை, வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994 நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் பிரிவுப் பட்டம்: மொத்தம் 14. உலகத் தொடர் வெற்றியோ ஒன்றே ஒன்று. 162 ஆட்டப் பருவத்தில் பலன் தரும் பொறுமைக்கு ஏழு ஆட்டத் தொடரில் அவகாசம் கிடைப்பதில்லை என்பதே என் கணிப்பு. 1995இல் கிடைத்த அந்த ஒற்றை வெற்றியையும், ஆறாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட் கொடுத்து உறுதிசெய்தவர் டாம் கிளாவின். 1988இல் 17 ஆட்டங்களில் தோற்றவர் அவர். அப்போது காக்ஸ், வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த பிரேவ்ஸின் பொது மேலாளர். கிளாவினை அவர் விற்கவில்லை.