வடசென்னையின் இரவுப் பொழுதுபோக்கு: ஒரு திறனாய்வு

வடசென்னையின் இரவுப் பொழுதுபோக்கு என்பது இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் மாலைக்குப் பிறகு மக்கள் நாடும் உணவு, பாட்டு, கூத்து, திரைப்படம் முதலியவற்றைக் குறிக்கும். சென்னையின் இரவு வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளையும் கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகங்களையும் மார்கழி சபாக்களையுமே குறிப்பிடுகின்றனர். வடபகுதியின் இரவு காவல்துறைச் செய்தியாகவோ திரைப்படக் காட்சியாகவோ மட்டும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அவ்விரவின் சுவையையும் கலையையும் குறைகளையும் மதிப்பிடுகிறது.

பின்னணி

இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் இரயில் இங்கிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. துறைமுகமும் இரயிலும் சுமை தூக்குவோர், படகோட்டிகள், மீனவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் ஆகியோரை இப்பகுதியில் குடியேற்றின. 20ஆம் நூற்றாண்டில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, மோட்டார் வாகனம், டயர், உரம் ஆகியவற்றுக்கான ஆலைகள் வந்தன. மூன்று ஷிப்ட் வேலை நடைமுறையானது.

இதனால் இப்பகுதியின் இரவுக்குத் தனி இயல்பு உண்டு. அலுவலக ஊழியருக்கு இரவு என்பது வேலை முடிந்த நேரம். ஆலைத் தொழிலாளிக்கு அது வேலை மாறும் நேரம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருபவர் நள்ளிரவில் பசியோடு வருகிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு வெகு முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. ஏலத்துக்கு வரும் மீன்காரப் பெண்களுக்கு அதற்கும் முன்பே தேநீர் வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு எந்த நேரமும் சாப்பாட்டு நேரம்தான். இங்கே இரவுக் கடைகள் முதலில் தேவைக்காகத் தோன்றின. பொழுதுபோக்கு அவற்றைச் சுற்றி வளர்ந்தது.

உணவு

வடசென்னையின் இரவு உணவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அத்தோ. பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்த பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த தமிழர் பெருந்தொகையாகத் தாயகம் திரும்பினர். அவர்களில் பலர் வடசென்னையில் குடியமர்ந்தனர். 1969இல் கடற்கரை இரயில் நிலையம் அருகே பர்மா பஜார் உருவானது. அதையொட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலைதோறும் அத்தோ கடைகள் கூடுகின்றன.

பர்மிய மொழியில் 'அதோக்' என்னும் சொல் பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும். வேகவைத்த நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த்தூள் ஆகியவற்றோடு மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டு சூப் உண்டு. வெங்காயம் அடைத்த அவித்த முட்டையும் கிடைக்கும். பர்மாவில் மீன் குழம்போடு உண்ணப்படும் மொய்ங்கா இங்கே பெரும்பாலும் வாழைத்தண்டுக் குழம்போடு தரப்படுகிறது. அகதியாக வந்த உணவு உள்ளூர்ச் சந்தைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டதை இதில் காணலாம்.

இவ்வுணவை 'விநோத உணவு' என்று அறிமுகப்படுத்தும் காணொளிகள் பல வருகின்றன. அவை சுவையைக் காட்டுகின்றன, வரலாற்றை விட்டுவிடுகின்றன. அத்தோ தட்டில் இருப்பது கடையையும் வீட்டையும் இழந்து கப்பலேறி வந்த ஒரு தலைமுறையின் பிழைப்பு. அதை அறிந்து உண்பவருக்கும் அறியாமல் உண்பவருக்கும் சுவை ஒன்றே ஆகலாம். ஆனால் நகரம் அந்தக் கடைக்காரருக்குத் தரும் மதிப்பு அறிவதைப் பொறுத்தே அமையும்.

அத்தோவுக்கு அப்பால் கையேந்தி பவன்களின் இட்லியும் வடகறியும், மண்ணடியின் பிரியாணியும், காசிமேட்டின் வறுத்த மீனும் இவ்விரவின் பகுதிகளே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் துறைமுகத்தை நம்பிய இரவுக் கடைகளின் வரும்படியும் குறைகிறது. கடலின் நாட்காட்டியே இங்கு உணவின் நாட்காட்டி.

கானா

கானா வடசென்னை உழைக்கும் மக்களின் பாட்டு வடிவம். சாவு வீட்டில் பிணத்தோடு விழித்திருக்கும் இரவிலும், கருமாதி, நினைவு நாள் இரவுகளிலும் இது பாடப்பட்டது. டோலக், பல்புல்தாரா, ஆர்மோனியம் ஆகியவற்றோடு, எதுவும் கிடைக்காதபோது மேசையும் தீப்பெட்டியும் தாளக் கருவிகள் ஆயின. சித்தர் பாடல் மரபும், தண்டையார்பேட்டையோடு தொடர்புடைய குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) சூஃபி மரபும் கானாவின் நிலையாமைக் கருத்துகளில் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரைப்படத்துக்குப் பரவலாகக் கொண்டுவந்தார். கானா உலகநாதன், கானா பாலா ஆகியோர் பின்னர் திரைப்படம் வழியே தமிழகம் முழுவதும் அறியப்பட்டனர். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் உருவான இக்குழு கானாவை ராக், ராப் இசையோடு இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது. இக்குழுவின் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

மேடையேறியதால் கானாவுக்குக் கிடைத்தது மதிப்பு. சாவுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கலைஞருக்கு ஒலிவாங்கியும் ஊதியமும் பெயரும் வந்தன. இது சிறிய வெற்றி அன்று. இழப்பும் உண்டு. சாவு வீட்டுக் கானா ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றியது. இறந்தவரின் பெயர், தொழில், குணம், குறும்பு எல்லாம் பாட்டுக்குள் உடனுக்குடன் கட்டப்படும். கேட்பவர் அவரை அறிந்தவர். திரைப்படக் கானாவில் அந்த மனிதர் இல்லை. துள்ளல் எஞ்சியது, துக்கம் போயிற்று.

கானாவின் உள்ளேயே உள்ள குறையையும் மறைத்தல் கூடாது. காதலில் தோற்றவன் பெண்ணை ஏசும் பாட்டுகளும், வெட்டு குத்தைப் புகழும் பாட்டுகளும் இணையத்தில் மிகுதியாகப் பார்க்கப்படுகின்றன. 'மக்கள் கலை' என்னும் பெயர் இவற்றுக்குக் காப்பு ஆகாது. மக்களில் பாதிப்பேர் பெண்கள். இசைவாணி போன்றோரின் வருகை இதனால்தான் முக்கியமானது. கேட்கப்படும் பொருளாக இருந்த பெண் பாடுபவராக மாறும்போது பாட்டின் பொருளும் மாறுகிறது.

நாடகம், கூத்து, மேடை

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் ஆடலும் பாடலும் நீண்ட வரலாறு உடையவை. தலைக்கோலிப் பட்டம் பெற்ற ஒரு கலைஞர் மூன்றாம் இராசராச சோழன் முன் பாடியதையும், அதற்காக மணலியில் நிலம் அளிக்கப்பட்டதையும் இக்கோயில் கல்வெட்டு கூறுகிறது. இன்று சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத்துக்கும் பெயர்பெற்ற மணலி, 13ஆம் நூற்றாண்டில் ஒரு கலைக்குப் பரிசாக அமைந்தது. மாசித் திருவிழாவின் மகிழடி சேவையில் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில் அளித்த வாக்குறுதி இன்றும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. இதற்கு நுழைவுச்சீட்டு இல்லை.

தற்காலத் தமிழ் நாடகத்திலும் வடபகுதிக்குப் பங்கு உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா 1891இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது. வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தொழில்முறை நாடகக் கம்பெனிகள் நாடகங்களை நடத்தின. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் ஜார்ஜ் டவுனின் கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. அரசியல் மேடையும் இங்கு ஓர் இரவுக் கலைதான். 1949 செப்டம்பர் 18 அன்று இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அடுக்கு மொழிப் பேச்சைக் கேட்கப் பாய் விரித்து அமர்ந்த கூட்டம் நாடகம் பார்த்த அதே கூட்டம்.

பின்னர் சபாக்களின் மையம் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் நகர்ந்தது. தண்டையார்பேட்டையில் 1967இல் தொடங்கிய அகஸ்தியா திரையரங்கம் 2020இல் மூடப்பட்டது. குறைந்த கட்டணத்தில் குடும்பத்தோடு இரண்டாம் ஆட்டம் பார்க்கும் வழக்கம் இத்தகைய அரங்குகளோடு தேய்ந்தது.

திரைப்படம் காட்டும் இரவு

'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகிய படங்கள் இப்பகுதியைக் கவனத்தோடு காட்டியவை. 'சார்பட்டா பரம்பரை' குத்துச்சண்டையை ஒரு வட்டாரத்தின் மாலைநேரக் கொண்டாட்டமாகவும் தன்மான அரங்காகவும் மீட்டெடுத்தது. ஆயினும் வடசென்னை என்றால் இருட்டு, சந்து, கத்தி என்னும் சூத்திரத்தைப் பிற படங்கள் கைவிடவில்லை. ஷிப்ட் முடிந்து இட்லி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மனிதர் இவ்விரவின் பெரும்பான்மை. அவர் திரையில் அரிதாகவே தென்படுகிறார்.

2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வேறு வகை முயற்சி. கபேர் வாசுகியின் சென்னைத் தமிழ் வரிகளைக் கர்நாடக இராகங்களில் அமைத்து எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கினர். பொது நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' வசைச் சொல்லான கதையை அது நினைவூட்டியது. சபாவின் இசை எண்ணூருக்கு வந்தது பாராட்டத்தக்கது. எண்ணூரின் இசை சபாவுக்குப் போவது அதைவிட அரிதாக நடக்கிறது.

சட்டமும் கூரையும்

தமிழக அரசு 2019இல் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. 2022இல் அது நீட்டிக்கப்பட்டது. இவ்வாணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு உரியது. கணவனும் மனைவியும் நடத்தும் தள்ளுவண்டி இவ்வரையறைக்குள் வராது.

ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. கலையரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டு. விழாக்காலத்தில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் இவ்விதி தேவையானது. அதை நீக்கக் கோருவது நியாயமன்று. ஆனால் விதியின் விளைவு ஒரே சீராக இல்லை. மூடிய அரங்கம் உள்ள கலைக்கு இரவு திறந்திருக்கிறது. தெருவிலும் சாவு வீட்டுப் பந்தலிலும் வாழும் கூத்துக்கும் கானாவுக்கும் பத்து மணியோடு கதவு சாத்தப்படுகிறது.

2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீண்டது. வடக்கிலிருந்து தெற்கே சென்று நாடகம் பார்த்துத் திரும்புவது எளிதாயிற்று. தெற்கிலிருந்து வடக்கே வந்து பார்க்க அரங்கம் வேண்டும்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளோடு தெருவில் ஓடினர். அதே மாதம் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் மீனையும் வலையையும் பாழாக்கியது. இரவில் வெளியே வருவது இன்பமாக இருக்க வேண்டுமானால், முதலில் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

மதிப்பீடு

வடசென்னையின் இரவுப் பொழுதுபோக்கு பணத்தால் அன்றி உறவால் இயங்குவது. கடைக்காரர் வாடிக்கையாளரின் ஷிப்டை அறிவார். பாடகர் இறந்தவரின் பெயரை அறிவார். இந்த அணுக்கமே அதன் அழகு. பெண்கள் இவ்விரவில் மீன் விற்பவராகவும் இட்லி சுடுபவராகவும் நிறைந்திருக்கின்றனர், பார்வையாளராக மிகக் குறைவாகவே உள்ளனர். இதுவே அதன் பெருங்குறை. தெருவிளக்கும் கழிப்பறையும் பேருந்தும் இல்லாத இடத்தில் இக்குறை நீங்காது.

வடசென்னையை வறுமையின் காட்சிப்பொருளாக்குவதும், அதன் வறுமையையே அழகென்று போற்றுவதும் ஒன்றையொன்று ஒத்த பிழைகள். அங்குள்ள கலைக்குத் தேவைப்படுவது வியப்பு அன்று. ஒலி வெளியே போகாத ஒரு பொது அரங்கம், தள்ளுவண்டிக்கு ஓர் உரிமம், இரவில் சுவாசிக்கத் தக்க காற்று ஆகிய மூன்றும் கிடைத்தால் எஞ்சியதை அம்மக்களே பார்த்துக்கொள்வர் என்பதற்கு அத்தோவும் கானாவும் சான்று.