மானூட் போல்: காட்சிப்பொருளும் மனிதரும்

விளையாட்டு வீரரின் வாழ்க்கை திறனாய்வாளரின் எல்லைக்கு அப்பாற்பட்டது என எண்ணுவோர் நம்மிடையே உளர். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி எழுதப்படும் எழுத்தில், எழுதும் சமுதாயத்தின் மனச்சாய்வும் வெளிப்படுகிறது. தென் சூடானின் டிங்கா இனத்தில் தோன்றிய கூடைப்பந்தாட்ட வீரர் மானூட் போலைப் பற்றி அமெரிக்க ஏடுகள் எழுதியவற்றை இந்த நோக்கிலேயே ஆராய விரும்புகிறோம்.

1985இல் வாஷிங்டன் புல்லெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் உயரம் 7 அடி 7 அங்குலம். முதற் பருவத்திலேயே எதிரணியினரின் எறிகைகளுள் 397ஐத் தடுத்தார். புதுமுக வீரர் எவரும் இன்றுவரை அதனை விஞ்சவில்லை. பத்துப் பருவங்களில் அவர் ஈட்டிய புள்ளிகள் 1,599; தடுத்த எறிகைகளோ 2,086. நீண்டகாலம் ஆடியோருள், பெற்றதிலும் தடுத்தது மிகுந்தவர் வேறெவருமிலர்.

ஆயினும் ஏடுகளுக்கு இத்திறன் போதவில்லை. அவர் ஈட்டியால் சிங்கத்தைக் கொன்ற கதையே திரும்பத் திரும்ப அச்சேறியது. 1987இல் 5 அடி 3 அங்குல உயரமுள்ள மக்சி போக்ஸ் அதே அணியிற் சேர்ந்தபோது, இருவரையும் அருகருகே நிறுத்திப் பிடித்த படங்கள் எங்கும் பரவின. கொங்கோ நாட்டு ஓட்டா பெங்காவை 1906இல் நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையின் குரங்குக் கூண்டில் வைத்து வேடிக்கை பார்த்த நாடு அது. கூண்டு மறைந்தது, வேடிக்கை பார்க்கும் கண் மறையவில்லை.

அக்கண் காணத் தவறிய வரலாறு ஒன்றுண்டு. சூடானின் வடக்கையும் தெற்கையும் தனித்தனியே நிருவகித்த பிரித்தானியர், 1956இல் இரண்டையும் ஒரே அரசினுள் விட்டு நீங்கினர். 1983இல் மீண்டும் மூண்ட உள்நாட்டுப் போர் 2005வரை நீடித்தது. தென்பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர், அகதிகளாயினர். போல் தமது வருவாயின் பெரும்பகுதியை அகதிகளுக்கும் தென் சூடான் விடுதலை இயக்கத்துக்கும் வழங்கினார். ஆட்டக்களத்தை விட்டு நீங்கிய சில ஆண்டுகளில் அவரே வறியவரானார்.

2002இல் தொலைக்காட்சிக்காக நடத்தப்பட்ட குத்துச்சண்டை ஒன்றில், அமெரிக்க உதைபந்தாட்ட வீரராயிருந்த வில்லியம் பெரியை எதிர்த்து நின்றார். தமது அறநிதியத்தின் தொலைபேசி இலக்கத்தை ஒளிபரப்ப வேண்டும் என்பதே அவரது நிபந்தனை. பின்னர் பனித்தரை ஹொக்கி அணியொன்றின் சீருடையையும், பந்தயக் குதிரையோட்டியின் உடையையும் அதே நோக்கத்துக்காக அணிந்தார். இதனை இழிவெனக் கூறியோர் இருந்தனர். அவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: இழிவு யாருடையது? தம்மை வேடிக்கையாக்கிய கண்களிடமே விலை பெற்று, அதனைப் பசித்தோருக்கு அளித்தவருடையதா? அவ்வேடிக்கை இல்லாவிடின் பணப்பையைத் திறக்க மறுத்த சமுதாயத்தினுடையதா?

மறுபுறம், அவரை வள்ளலாக மட்டும் போற்றுவதும் குறைபாடுடையதே. ஒரு மக்கட் கூட்டத்தின் சோறு ஒரு தனிமனிதரின் ஊதியத்தை நம்பியிருக்க நேர்ந்தது ஏன் என்ற வினாவை அப்புகழுரை எழுப்புவதில்லை. போல் 2010 ஜூன் 19இல் அமெரிக்காவில் காலமாகி, சொந்த ஊரான துராலெயில் அடக்கம் செய்யப்பட்டார். 2011இல் தென் சூடான் விடுதலை பெற்றது. 2013இலோ, அவர் துணைநின்ற இயக்கத்தின் தலைவர்களே இரு பிரிவாகித் தம் மக்கள்மீது மீண்டும் போரைச் சுமத்தினர். ஒருவரின் ஈகை எத்துணைப் பெரிதாயினும், அதிகாரத்திலிருப்போரைத் தட்டிக்கேட்கும் மக்கள் சக்திக்கு அது ஈடாகாது.

இறுதி நாட்களில் அவர் ஈடுபட்டிருந்த பணி, தம் ஊரிற் பள்ளிக்கூடம் கட்டுவது. மாணவர்க்கு இவ்வாழ்க்கையை எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் சிங்கக் கதையை விடுத்து, அப்பள்ளிக்கூடம் அங்கு அதுகாறும் ஏன் இல்லாதிருந்தது என்ற வினாவிலிருந்து தொடங்குவார்களாக.