யார் கையில் நம் மானம்?

தமிழ்நாட்டில் இன்றைக்கு அதிகம் புழங்கும் வாக்கியம் எது என்று கேட்டால், 'மனசு புண்பட்டுவிட்டது' என்பதைத்தான் சொல்வேன். சினிமா டைட்டில் வந்தால் புண்படுகிறது. பாடப் புத்தகத்தில் ஒரு பாரா வந்தால் புண்படுகிறது. மேடையில் யாரோ ஜோக் அடித்தால் புண்படுகிறது. உடம்பில் புண் வந்தால் டாக்டரிடம் போகிறோம். மனசில் வந்தால் மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம்!

இந்த வியாதிக்கு ஒரு நல்ல கேஸ் ஹிஸ்டரி வேண்டுமென்றால் நாமக்கல் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' விவகாரம்தான் அது. நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சூடு ஆறியபின் நாவலை நிதானமாக மறுபடி படித்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த நாவலே புண்படுவதைப் பற்றியதுதான்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருமாள்முருகன் அப்போது நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். நாவல் 2010-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாவின் ஓர் இரவில், பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணைச் சாமியாக நினைத்துக் கூடிப் பிள்ளை வரம் பெறும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்ததாகக் கதை சொல்கிறது. 2013-ல் ஆங்கிலத்திலும் வந்தது. நாலு வருஷம் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று ஆனது. குறிப்பிட்ட பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் போடப்பட்டு ஊருக்குள் சுற்றின. புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9-ம் தேதி திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 12-ம் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. நிபந்தனையில்லாத மன்னிப்பு என்று எழுதிய பேப்பரில் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதன்பின் அவர், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் தனக்குத்தானே இரங்கல் எழுதினார்.

புண்பட்டவர்களைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் இஷ்டமில்லை. 'எங்க ஊர்ப் பொம்பளைகளைப் பத்தி வெளியூர்க்காரன் என்னங்க நெனைப்பான்?' என்ற கேள்வியில் ஒரு நிஜமான வலி இருக்கிறது. நம் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால், அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள். 'எங்கள் பாட்டி எப்படி வாழ்ந்தாள்' என்ற கவலை அதில் இல்லை. 'வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்' என்பதுதான் கவலை.

இப்போது நாவலுக்குள் வாருங்கள். காளி, பொன்னா என்று ஒரு தம்பதி. உழைப்பாளிகள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஒருவர் மீது ஒருவருக்கு ஆசை தீரவில்லை. நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. பிள்ளை மட்டும் இல்லை. ஊர் சும்மா இருக்குமா? நல்ல காரியங்களில் பொன்னாவை ஒதுக்குகிறார்கள். காளியிடம், 'இன்னொருத்தியைக் கட்டிக்கோ' என்கிறார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் அவன் ஆண்மையைப் பற்றிச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் பொன்னாவுக்குள் ஊசியாக இறங்குகிறது. காளி மனிதர்களைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டு தொண்டுப்பட்டியே கதி என்று மாடுகளோடு கிடக்கிறான். சந்தோஷமாக இருக்க எல்லாமே உள்ள இரண்டு பேர், ஊர் வாய்க்குப் பயந்தே உருக்குலைகிறார்கள். கடைசியில் பொன்னா அந்தத் திருவிழாவுக்குப் போகிறாள், காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பவைக்கப்பட்டு. கோயில் இரவு கதையின் உச்சம்தான். அவளை அங்கே நெட்டித் தள்ளுவதோ பன்னிரண்டு வருஷ ஏச்சு. ஜெராக்ஸ் எடுத்தவர்கள் இந்தப் பக்கங்களை எடுக்கவில்லை.

பெருமாள்முருகன் இதில் ஒரு மாற்று மருந்தையும் வைத்திருக்கிறார். நல்லுப்பையன் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளாத ஆள், இஷ்டப்படி ஊர் சுற்றுகிற ஆள். ஊர் அவரைப் பேசாத பேச்சில்லை. அவர் அதைக் காதில் வாங்கிச் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். தியானம், தத்துவம் எதுவும் அவரிடம் கிடையாது. தான் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். என் வாசிப்பில் இந்த நாவலின் நிஜமான ஹீரோ அவர்தான். எனக்கு ஒரு குறையும் உண்டு. இவ்வளவு உயிரான மனிதரை ஆசிரியர் ஓரத்திலேயே வைத்துவிட்டார். காளியின் புலம்பலில் கொஞ்சம் குறைத்து, சித்தப்பாவுக்கு நாலு பக்கம் கூடக் கொடுத்திருக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு செலவாகப் பார்க்கிற புத்தி போகாது. ஊர் தருகிற மதிப்பு கடன் மாதிரி. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பான். அந்தக் கடனை மட்டும் வைத்துக் கடை நடத்துகிறவனுக்கு, தெருவில் யார் இரண்டு பேர் நின்று பேசினாலும் வயிற்றைக் கலக்கும். சொந்த முதல் போட்டவன் நிம்மதியாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். நேர்மையாகச் செய்த வேலை, காப்பாற்றிய வார்த்தை, கற்றுக்கொண்ட தொழில், தப்பு என்று தெரிந்து செய்யாமல் விட்ட காரியம். இவைதான் அந்த முதல். இவை நம் கணக்கில் இருந்தால், அடுத்தவன் ஒரு சொல்லால் அதை அழிக்க முடியாது.

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. போர்வெல் ரிக் வண்டியோடு பாஷை தெரியாத மாநிலமெல்லாம் போய்த் தொழில் செய்கிற ஊர் அது. நாமக்கல் லாரி டிரைவர்கள் போகாத ஹைவே இந்தியாவில் இல்லை. வழியில் எத்தனை செக்போஸ்ட், எத்தனை ஏச்சு! எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு லோடு இறக்கித் திரும்பி வருகிறவர்கள். தொழில் தெரிந்தவன் என்ற திமிர் இருப்பதால் அந்த ஏச்சு ஒட்டுவதில்லை. அந்தத் திமிரில் கால்வாசியை ஒரு நாவலிடம் காட்டியிருந்தால் போதும்.

'அப்படியென்றால் யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொண்டு போக வேண்டுமா?' என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. திருச்செங்கோட்டுக்கு மிக அருகில், ஈரோட்டில் பிறந்த பெரியார் 1925-ல் தொடங்கிய இயக்கத்துக்கு வைத்த பேரே சுயமரியாதை. கூட்டங்களில் அவர் மேல் செருப்பு வந்து விழுந்திருக்கிறது. கடலூரில் ஒரு செருப்பு விழுந்தபோது, ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டார் என்று அவருடைய தோழர்கள் சொல்வார்கள். அதே மனிதர், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் சில சாதிக்காரர்கள் நடக்கக்கூடாது என்றபோது பொறுக்காமல், 1924-ல் போராடி ஜெயிலுக்குப் போனார். தன் மேல் விழுந்த செருப்புக்குச் சிரிப்பு, அடுத்தவனுக்கு மறுக்கப்பட்ட தெருவுக்குக் கோபம். எது அவமானம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் சுயமரியாதை.

பிரிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே மலையடிவாரம் பார்த்தது. கடையடைப்பு நடந்து ஐந்தரை மாதம்தான் ஆகியிருந்தது. 2015 ஜூன் 23-ம் தேதி, ஓமலூரைச் சேர்ந்த தலித் இன்ஜினீயரிங் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு அதே அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் சாதி அமைப்பு ஒன்றின் தலைவர் உள்பட 10 பேருக்கு மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

நாவலை எதிர்த்தவர்களும் கொலை செய்தவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு பையனும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தால் போய்விடும் மானம், சொந்தமாகச் சம்பாதித்த மானமாக இருக்க முடியாது. சாதியிடம் கடன் வாங்கிய மானம் அது. ஒரு கற்பனைக் கதையும் ஒரு நிஜக் கொலையும் அதே கோயிலோடு சம்பந்தப்பட்டவை. கோயிலுக்கு எது களங்கம் என்று அவரவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம். மாதொருபாகன் என்றால் பெண்ணுக்குத் தன் உடம்பில் பாதியைக் கொடுத்த சாமி. பாதி உடம்பைக் கொடுத்தும் தன் கௌரவம் குறையவில்லை என்று நிற்கிற சாமி.

2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், கலெக்டர் ஆபீஸ் ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள் என்று வாசகருக்கும், எழுதுங்கள் என்று எழுத்தாளருக்கும் சொன்னது. பெருமாள்முருகன் திரும்ப எழுத வந்தார். தனக்குள் ஒரு தணிக்கை அதிகாரி உட்கார்ந்துகொண்டதாக அப்போது வருத்தத்தோடு சொன்னார். அந்த அதிகாரியை உட்காரவைத்த பொறுப்பில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. அப்புறம் 'பூனாச்சி' வந்தது. 2023-ல் அவருடைய 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. பரிசு கிடைத்தது. வெளியூர்க்காரன் என்ன நினைப்பான் என்று பயந்தார்களே, வெளியூர்க்காரன் படித்துவிட்டு, 'கொங்கு நாட்டில் இப்படி ஒரு எழுத்தாளரா!' என்றுதான் நினைத்தான்.

அடுத்த தடவை உங்கள் மனசு புண்பட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த வார்த்தையால் யாருக்காவது வேலை போனதா, வழி மறிக்கப்பட்டதா, உயிர் போனதா? போயிருந்தால் சும்மா இருக்காதீர்கள், சண்டை போடுங்கள். போகவில்லையென்றால், நல்லுப்பையன் சித்தப்பா மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முடிந்தால் அந்த நாவலையும் படியுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், முழுப் புத்தகமாக!